எதைச் சொன்னாலும் எழுந்து போகும் பறவை டாக்டர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒருமுறை இருமுறை அல்ல. அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு விளையாட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மதியம் இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து, "இன்னைக்குச் சாப்பாடு உண்டா இல்லையா?" என்று கேட்டார். "அடுப்படி எங்க இருக்குன்னு தெரியும்ல, போய்ப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் போய் முட்டை வேகவைத்தார்.

அந்த விளையாட்டைச் செய்தவள் என் நாத்தனார். வயது முப்பத்தாறு. கடைக்குட்டி என்பதால் வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். தலையில் நாலைந்து நரைகூட வந்தாகிவிட்டது, ஆனாலும் பாப்பா. அவளும் கூப்பிட்டால் "என்ன அண்ணி" என்று வந்து நிற்பாள். கோபம் என்றால் என்னவென்று தெரியாத பெண். வீட்டிலுள்ள அத்தனை கோபத்தையும் நானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

பத்தொன்பது வயதில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் முன்கடையில் நின்று ஃபிரேம் எடுத்துக் காட்டுகிற வேலை. வருகிறவர்களிடம் 'உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவளுக்குப் பொய் வராது. ஒரு வக்கீலிடம் போய், "இதுல உங்க மூக்கு இன்னும் பெருசா தெரியுது சார்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள்.

தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார்கள். இவளுக்கோ அந்தப் பின்னறை சொர்க்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் ஃபிரேம், இரண்டு லென்ஸ், கண் அளவு எழுதிய சீட்டு. லென்ஸின் நடுப்புள்ளியைக் குறித்து, இயந்திரத்தில் தண்ணீர் ஓட ஓட ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமை இளஞ்சூட்டில் காட்டிக் கிளுக்கென்று உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. பதினேழு வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் பேருக்கு எழுத்தைத் தெளியவைத்திருக்கிறாள். அவர்களில் ஒருவருக்கும் இவள் முகம் தெரியாது.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. இருபத்தைந்து வயதில் இரண்டு இடம் வந்தது. இரண்டும் பேச்சோடு நின்றது. அதற்குள் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். நான்கு வருஷம். பகலில் நானும் காலை மாலை அவளும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாமியார் போன பிறகு யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அண்ணன் எடுக்கவில்லை என்று அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும்தான் எடுக்கவில்லை. அவள் இருப்பது எனக்கு ஒத்தாசையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. நகலெடுப்பது, தட்டச்சு, புத்தகம் கட்டுவது. என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், எதையும் படிக்காமல் நகலெடுக்கத் தெரியாது. விவாகரத்து மனு, மண் பரிசோதனை அறிக்கை, ஒட்டகத்தின் குடல் பற்றிய ஆராய்ச்சி, எது வந்தாலும் ஒரு கண் ஓட்டிவிடுவேன். அதனால்தான் பாப்பா என்னிடம் வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு காமிக்கறேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன். இல்லாட்டி மாட்டேன்."

"நான் ஒரு கதை செஞ்சிருக்கேன். விளையாட்டு மாதிரி. விஷுவல் நாவல்னு பேரு. இன்னும் முடியல. மூணு அத்தியாயம்தான் ஆயிருக்கு. நீங்கதான் முதல்ல பார்க்கறீங்க. வேற யார்கிட்டயும் காமிக்கக் கூடாது."

என் கடை லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். எனக்கு விளங்கிக்கொள்ளக் கால் மணி நேரம் பிடித்தது. திரையில் படம் வரும். கீழே கதையும் வசனமும் ஓடும். நடுநடுவே நின்றுவிடும். கதாநாயகி என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மூன்று வரி காட்டும், ஒன்றை நாம் அமுக்க வேண்டும். எதை அமுக்குகிறோமோ அதற்கேற்ப கதை திரும்பும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அது ஆளை விழுங்கிவிடுகிறது! சினிமாவில் அந்தப் பெண் அசடு மாதிரி பேசினால் நாற்காலியில் உட்கார்ந்து திட்டத்தான் முடியும். இங்கே அசட்டுத்தனமாகப் பேசுவது நானே அல்லவா?

கதை இதுதான். பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி. அங்கே உதவியாளாக ஒரு பெண் சேருகிறாள். டாக்டர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயது, அதிகம் பேசாதவர், இறக்கை ஒடிந்த புறாவிடம்கூட 'வலிக்குதா?' என்று மரியாதையாகக் கேட்கிறவர். காதல் கதை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் இரண்டு பேரும் கிளிக்குக் கட்டுப்போடுவதைப் பார்த்துக்கொண்டு நான் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருப்பேன் என்று யார் கண்டது?

முடியாத கதை என்பது பார்த்தாலே தெரிந்தது. படமெல்லாம் அவளே வரைந்தது. முதல் அத்தியாயம் முழுக்க வண்ணம். இரண்டாவதில் பாதி பென்சில் கோடு. ஒரு காட்சியில் கதாநாயகிக்கு இடது கையில் விரலே இல்லை. அவளுடைய அத்தை என்று ஒரு பாத்திரம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை வடிவம், அதற்குள் 'அத்தையை வரையணும்' என்று எழுதியிருந்தது. அந்த முட்டை அத்தைதான் கதாநாயகியை அதட்டு அதட்டென்று அதட்டுகிறாள். பேச்சு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அது நான்தான் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னோரிடத்தில் 'இங்கே மழைச் சத்தம்' என்று எழுத்தில் வந்தது. சத்தத்துக்குப் பதில் நானே வாயால் மழை பெய்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தேன். சாயங்காலம், கூண்டுகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பேர் மட்டும். கதை நின்றது. மூன்று பதில். 'மனசில் இருப்பதைச் சொல்', 'வேறு ஏதாவது பேசு', 'வீட்டுக்குக் கிளம்பு.' இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல் என்று அமுக்கினேன்.

டாக்டர் தூரிகையைக் கீழே வைத்தார். எழுந்தார். கதவு வரை போனார். திரை கருத்தது. 'அவர் போய்விட்டார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'இதற்கு மேல் எழுதவில்லை.'

"அட பாவி!" என்று கத்தினேன். விட்டேனா? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை கடிதம் எழுதிச் சொல்ல வைத்தேன். போய்விட்டார். சிரித்துக்கொண்டே விளையாட்டாகச் சொல்ல வைத்தேன். போய்விட்டார். சொல்லாமலே இருந்தால் இரண்டு பேரும் காலாகாலத்துக்கும் கூண்டு கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மாடிக்குப் போய், காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி போறான் அவன்? நல்லா இருந்த மனுஷனுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அவர் அப்படித்தான் அண்ணி. சொன்னா எழுந்து போயிடுவார்."

"ஏன் போகணும்? அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே!"

"சில பேருக்கு அந்தப் பேச்சே ஆகாது. எடுத்தாலே கிளம்பிடுவாங்க. நான் பார்த்திருக்கேன்."

"எங்க பார்த்த?"

"பார்த்திருக்கேன்" என்று ஒரு தலையணை உறையை நாலாவது முறையாக உதறினாள். காகிதத்தில் வரைந்த ஆளுக்கு 'அவர்', 'இவர்' என்று என்ன மரியாதை என்று கேலி செய்துவிட்டு நானும் கீழே இறங்கிவிட்டேன். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலையிலிருந்து வந்தபோது கட்டைவிரலில் கட்டு. வருஷத்துக்கு ஒரு லென்ஸ் உடைந்தாலே அதிசயம், அன்றைக்கு ஒரே நாளில் மூன்று உடைத்திருக்கிறாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கண் பார்க்கிற சார் இருக்கார்ல, அவரை வெளியூர்ல புதுசா திறக்கிற கிளைக்கு மாத்தறாங்களாம். அங்க எல்லாமே அவர் பொறுப்புதானாம். சம்மதமா இல்லையான்னு திங்கக்கிழமை எழுதிக் குடுக்கணுமாம்."

"போகட்டுமே, அவருக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். ராத்திரி சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன். ஞாயிறு முழுக்கத் திரையைப் பார்த்ததில் எனக்குக் கண்ணும் தலையும் ஒரே வலி. எட்டு வருஷமாகப் பாப்பா பழைய அளவுக்கே கண்ணாடி செய்து கொண்டுவந்து கொடுப்பாள், நானும் மாட்டிக்கொள்வேன். சரி, ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்வோம் என்று கடைக்குப் போன் செய்தேன். முன்கடைப் பெண், "எதைப் படிக்கும்போது கஷ்டமா இருக்கோ அதையே எடுத்துட்டு வாங்க. அந்தத் தூரத்துல வச்சுப் பார்த்துதான் சார் அளவு குடுப்பார்" என்றாள். புதன்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த லேப்டாப்பில் தட்டச்சு செய்த கடிதம் ஆயிரம் இருந்தது. ஏதாவது ஒன்றைத் திறந்திருக்கலாம் அல்லவா? எனக்கு எங்கே புத்தி போகும்? இன்னொரு வழியில் போனால் டாக்டர் போகாமல் இருப்பாரோ என்ற நப்பாசையில் பாப்பாவின் கதையைத் திறந்து வைத்தேன்.

இருட்டறை. கண் பார்க்கிறவர் வெள்ளைக் கோட்டில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறார் என்று தெரியும், நேரில் பேசியதில்லை. பாப்பாவின் அண்ணி என்று முன்கடைப் பெண் சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பினாள். கனமான இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகிச் செருகி எடுத்தார்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சார்."

"அவசரமில்ல அக்கா. தெரியும்போது சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

"ம், இப்ப தெளிவா இருக்கு!" என்றேன்.

"அப்ப திரையில இருக்கிறதைப் படிங்க."

நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கணீரென்று படித்தேன். தையல் போடப் பயப்படுகிற பெண்ணிடம் பறவை டாக்டர் சொல்கிற வசனம் அது. "'அவசரமில்லை. தெரியும்போது சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.'"

படித்து முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. புதுக் கண்ணாடி வழியாகத் திரையில் இருந்த டாக்டரைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. திரும்பி எதிரில் இருந்தவரைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னொரு தடவை படிங்க" என்றார். அது என் கண்ணுக்காகக் கேட்டது அல்ல.

"இதை யார் எழுதினது?"

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி."

"உங்க நாத்தனார் இங்க பின்னாடிதான் வேலை பார்க்கறாங்க, இல்ல?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். "இதுல ஒரு பிரதி கிடைக்குமா அக்கா?"

இருபது வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளிடம் போய்ப் பிரதி கேட்டால் என்ன ஆகும்? மூளை 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. போதாதற்கு வாய் வேறு சேர்ந்துகொண்டது. "படிச்சுட்டு என்ன தோணுதோ எழுதிக் குடுங்க சார். இன்னும் முடியல. குறை சொல்ல ஆள் வேணும்."

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் செய்த காரியம் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் உலகத்தில் ஒரே ஒருத்தியை நம்பிக் கொடுத்தாள். நான் அதை எந்த ஆளுக்குத் தெரியக் கூடாதோ அந்த ஆள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நிமிஷம், 'ஆஹா, எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது' என்று துள்ளுவேன். அடுத்த நிமிஷம், 'தெரிந்துபோன சங்கடத்தில் மனுஷன் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால்?' என்று உட்கார்ந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை பாப்பா, "சார் ரெண்டு நாளா பின்னறைப் பக்கமே வரல அண்ணி. தட்டுங்களையெல்லாம் முன்கடைப் பொண்ணுகிட்டயே குடுத்தனுப்பறார். கிளம்பற முடிவுக்கு வந்துட்டார் போல" என்றாள். சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள். மதியம் என் கடைக்கு வந்து புத்தகம் கட்ட உதவுவாள். அன்றைக்கும் உள்பக்கம் நின்று ஒரு கட்டுக் காகிதத்துக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணி இருக்கும். கண் பார்க்கிறவர் படியேறி வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லாததால் ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. கையில் நாலு பக்கம், மணிமணியான கையெழுத்து.

"அக்கா, நீங்க கேட்டது."

ஓட்டை போடுகிற சத்தம் நின்றது. பாப்பா நிமிர்ந்தாள். "என்ன கேட்டீங்க அண்ணி?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவரே பதில் சொன்னார். "உங்க கதைக்கு என் கருத்து. இன்னும் முடியலன்னு தெரியும். முதல் பார்வையில தோணினதை மட்டும் எழுதியிருக்கேன்."

"அண்ணி!" என்றாள் பாப்பா. அவள் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. "யார்கிட்டயும் காமிக்காதீங்கன்னு சொன்னேன்ல? போயும் போயும் இவர்கிட்டயா?"

"எதைப் படிப்பீங்களோ அதைக் கொண்டு வரச் சொன்னது உங்க கடைதான்!" என்று நானும் கத்தினேன். தப்பு என் பேரில் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் அதிகம் வரும்.

"அக்கா மேல தப்பில்ல. நான்தான் பிரதி கேட்டேன்" என்றார் அவர். "வேண்டாம்னா இதைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

பாப்பா முகம் வெளுத்துப்போய் நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது. நான் முந்திக்கொண்டேன். "படிங்க சார். நின்னுட்டே படிங்க."

அவர் படித்தார். எடுத்தவுடன், "முதல் அத்தியாயம், மூணாவது படம். டாக்டரோட கண்ணாடி மூக்குல உட்காரவே இல்ல, காத்துல நிக்குது. கண்ணாடி பொருத்தறவங்க வரையற படமா இது?"

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. வேலையைச் சொன்னால் அவளால் சும்மா இருக்க முடியாது. "அது அவசரத்துல வரைஞ்சது. மாத்திடறேன்" என்றாள்.

"ரெண்டாம் அத்தியாயம். புறாவுக்குக் கட்டு வலது இறக்கையில போட்டாங்க, அடுத்த படத்துல இடது இறக்கைக்குப் போயிடுச்சு."

"சரி."

"அந்த முட்டை அத்தை நல்லா வந்திருக்காங்க. முகம் வரையாமலே விட்டுடுங்க. பேச்சே போதும்." இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மட்டும் தெரியாதா?

அதற்குள் ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வந்தார். "மிஷின் ரிப்பேர்" என்றேன். "ஓடுதே" என்றார். "ஓடுது, வேலை செய்யல" என்று அனுப்பிவைத்தேன்.

கண் பார்க்கிறவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். அதைப் படிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "மூணாம் அத்தியாயம்" என்றார். "அவ எப்படிச் சொன்னாலும் அவர் எழுந்து போயிடறார். ஏழு தடவை பார்த்துட்டேன். இது தப்பு."

"தப்பில்ல" என்றாள் பாப்பா. "அவர் அப்படித்தான்."

"அவர் அப்படி இல்ல."

"எழுதினது நான். எனக்குத் தெரியாதா?"

"தெரியல. அதான் சொல்றேன். அவ்வளவு தூரம் கூடவே இருக்கிறவர், அந்தப் பொண்ணு வாயைத் திறந்ததும் ஏன் போறார்? காரணமே இல்ல."

"காரணம் இருக்கு. அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஆறு வருஷம் முன்ன ஒரு தடவை முதலாளி வீட்டம்மா வந்து கல்யாணம் எப்பன்னு கேட்டாங்க. கேட்டதும் கன்னத்துல கைய வச்சுட்டு எழுந்து போனார், கடை மூடற வரைக்கும் திரும்பி வரல."

"அன்னிக்கு எனக்குப் பல் வலி" என்றார் அவர்.

பறவை ஆஸ்பத்திரியில் முதலாளி வீட்டம்மா ஏது, பல் வலி ஏது? இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. பாப்பாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆறு வருஷமாக ஒரு பல் வலியை வைத்து என் நாத்தனார் தன் வாயைப் பூட்டி வைத்திருக்கிறாள்! எனக்குச் சிரிப்பதா, அவள் தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. யாராவது ஏதாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. நாமே பேசிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். திறந்து, மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தியாகம் அதுதான்.

பாப்பாதான் முதலில் அசைந்தாள். கல்லாமேசை மேலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கூண்டுக் காட்சியைத் திறந்தாள். விரலில் இன்னும் கட்டு இருந்தது.

"அப்ப இந்த இடத்தைத் திருத்தணும்" என்றாள், திரையைப் பார்த்தபடியே. "அவ சொன்னதும் அவர் என்ன சொல்வார்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அவ முதல்ல சொல்லட்டும்" என்றார் அவர்.

"அவ சொல்லிட்டா. அதான் மூணு அத்தியாயமா சொல்லியிருக்கா."

அவர் தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கண் பரிசோதிக்கிறபோது இருந்த நிதானமெல்லாம் எங்கே போயிற்றோ, சின்னப் பையன் மாதிரி தடுமாறினார். "அவர் சொல்றார்… 'எனக்கும்தான். ரொம்ப நாளா.'"

பாப்பா தட்டினாள். "அப்புறம்?"

"'திங்கக்கிழமை மாற்றல் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்.'"

அவள் 'மாற்றல்' வரை தட்டிவிட்டு நின்றாள். "கதையில மாற்றல் எதுவும் இல்லையே சார்" என்றாள். குரல் பிசிறியது.

"கதையில இல்ல" என்றார் அவர்.

பாப்பா அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். லேப்டாப்பை மூடினாள். அப்புறம்தான் நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள். நான் என் ஸ்டூலை முன்னால் தள்ளிவிட்டேன்.

"உட்காருங்க" என்றாள் பாப்பா.

அவர் உட்கார்ந்தார்.